புதிய உலகம் யாருக்குப் புதியது?

சிறுவர்களுக்கான அறிவியல் கட்டுரை ஒன்றை அண்மையில் திருத்திக்கொண்டிருந்தேன். "புதிய உலகக் குரங்குகளில் சில, வாலால் கிளையைப் பற்றிக்கொள்ளும்" என்று ஒரு வரி. அதைப் படித்த சிறுமி, "இந்தக் குரங்குகள் எப்போது வந்தன?" என்று கேட்டாள். தென் அமெரிக்காவில் அவை 3 கோடி ஆண்டுகளுக்கு மேலாக இருக்கின்றன. "அப்புறம் என்ன புதுசு?" என்றாள். நியாயமான கேள்விதான்.

புதிய உலகம் என்றால் அமெரிக்கக் கண்டங்கள். கரீபியத் தீவுகளும் அதில் அடக்கம். ஐரோப்பா, ஆசியா, ஆப்பிரிக்கா மூன்றும் பழைய உலகம். இந்தச் சொல்லைப் பரப்பியவர் கொலம்பஸ் என்று பலர் நினைக்கிறார்கள். 1492இல் கரை சேர்ந்த அவர், தாம் கண்டது ஆசியாவின் ஓரம் என்றே கடைசிவரை சாதித்தார். சொல் ஊரெங்கும் பரவியது இத்தாலியக் கடலோடி அமெரிகோ வெஸ்புச்சியின் பெயரில் 1503 வாக்கில் அச்சான 'முண்டுஸ் நோவுஸ்' (புதிய உலகம்) என்ற லத்தீன் கடிதத்தால்தான். முன்னோர் இந்நிலத்தை அறியவில்லை, ஆகவே இதைப் புதிய உலகம் என்னலாம் என்பது அதன் வாதம்.

அதாவது, பண்டைய புவியியல் அறிஞர் தாலமியின் நூலில் இல்லாத நிலம் என்பதே அன்று 'புதிய' என்பதற்குப் பொருள். இந்த அளவில் எனக்கு அந்தச் சொல்மீது மரியாதை உண்டு. பழம் ஏட்டில் இல்லாதது உலகத்தில் இருக்கிறது என்று ஒப்புக்கொள்வது அந்தக் காலத்தில் சிறிய காரியமில்லை. 1507இல் 'அமெரிக்கா' என்ற பெயரை வரைபடத்தில் பொறித்த ஜெர்மானிய வரைபடக் கலைஞர் வால்ட்சீமுல்லரே 1513இல் அதைக் கைவிட்டு, 'அறியப்படாத நிலம்' என்று எழுதினார். பெயர் வைத்தவருக்கே சந்தேகம்!

கோளாறு பின்னால் வந்தது. ஐரோப்பியரின் ஏட்டுக்குப் புதியது என்பது மெல்ல மெல்ல, வரலாறே இல்லாத வெற்றிடம் என்றாகிவிட்டது. பெருவின் கரால் நகரம் எகிப்தின் பெரிய பிரமிடுகளின் காலத்தது. 1521இல் ஸ்பானியர் வீழ்த்திய அஸ்டெக் தலைநகர் டெனோச்டிட்லான், அன்றைய ஐரோப்பிய நகரங்களில் பெரும்பாலானவற்றைவிடப் பெரியது. இவற்றையும் 'புதிய' என்ற ஒற்றை அடைமொழிக்குள் அடைத்துவிடுகிறோம். பனாமாவின் குணா மக்கள் மொழியில் இந்நிலத்துக்கு 'அப்யா யாலா' என்று பெயர். முழு முதிர்ச்சி பெற்ற நிலம் என்று அதற்குப் பொருள் சொல்கிறார்கள். வந்தவனுக்குப் புதிது, இருந்தவனுக்கு முதிர்ந்தது.

'மேற்கு அரைக்கோளம்' என்று மாற்றிவிட்டால் சரியாகிவிடும் என்கிறார்கள். ஆகாது. கிழக்கையும் மேற்கையும் பிரிக்கும் கிரீனிச் தீர்க்கரேகையை உலகப் பொதுக் கோடாக ஏற்றது 1884 வாஷிங்டன் மாநாடு. அந்தக் கணக்கில் அயர்லாந்தும் போர்ச்சுகலும் செனகலும்கூட மேற்கு அரைக்கோளம்தான். அவற்றை யார் அப்படி அழைக்கிறார்கள்? அதற்கு 61 ஆண்டுகள் முன்பே, 1823இல், அமெரிக்க அதிபர் மன்றோ "இந்த அரைக்கோளத்தில்" ஐரோப்பிய வல்லரசுகள் தலையிடக் கூடாது என்று அறிவித்துவிட்டார். அவர் பேசியது அரசியல் எல்லையை. ஒயின் வணிகர்களோ ஆஸ்திரேலியாவையும் தென்னாப்பிரிக்காவையும் புதிய உலகத்தில் சேர்த்துவிட்டார்கள். கோளமாவது, பாதியாவது!

என் நிலைப்பாடு இதுதான். பதினாறாம் நூற்றாண்டு ஐரோப்பியரின் பார்வையைப் பேசும்போது 'புதிய உலகம்' என்று எழுதலாம், மேற்கோள் குறிக்குள். மற்ற இடங்களில் 'அமெரிக்கக் கண்டங்கள்' போதும். 'செவ்விந்தியர்' என்று இன்னும் எழுதுகிறவர்களிடம் தனியாகச் சண்டை போட வேண்டும், அது வேறு பதிவு.

அந்தக் கட்டுரையில் 'தட்டை மூக்குக் குரங்குகள்' என்று மாற்றினேன். விலங்கியலில் அவற்றின் அறிவியல் பெயருக்கும் அதுதான் பொருள். சிறுமி மறுபடி எதுவும் கேட்கவில்லை. படத்தில் மூக்கைத் தேடிக்கொண்டிருந்தாள்.