அந்தப் பிள்ளைக்கு நீஸ் எதற்கு என்று கேட்டவர்களுக்கு

போன ஞாயிற்றுக்கிழமை வாசகசாலைக் கூட்டத்தில், பிரான்சின் கடற்கரை நகரமான நீஸைப் பற்றிய புத்தகங்களை வைத்து நம் பிள்ளை ஒருத்தி பேசிக்கொண்டிருந்தபோது ஒரு பெரியவர் எழுந்து மறித்ததைப் பற்றி ஆளாளுக்கு எழுதி முடித்துவிட்டீர்கள். நான் பேசாமல் இருக்கலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் நேற்று ராத்திரி அந்தப் பெரியவரின் பதிவுக்குக் கீழே விழுந்திருந்த கைதட்டல்களைப் பார்த்த பிறகு தூக்கம் வரவில்லை. அதனால் எழுதுகிறேன். நீளமாகத்தான் இருக்கும்.

அவர் அவளிடம் கேட்டது இது: “வீடு கடலுக்குள்ள போவுது, ஒனக்கு நீஸுல சீமாட்டி குளிச்ச கதையா மக்ளே?”

இதைத்தானே எல்லோரும் நல்ல கேள்வி என்கிறீர்கள்? அவர் புத்தகத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. படித்த ஆளைப் பற்றித்தான் கேட்டார். திருவனந்தபுரத்திலிருந்து ஒரு பேராசிரியர் வந்து இதே பேச்சைப் பேசியிருந்தால், இவரே எழுந்து பொன்னாடை போர்த்தியிருப்பார். பொழியூருக்கும் நீரோடிக்கும் நடுவில், கடல் தின்றது போக மிச்சமிருக்கும் ஒரு தெருவிலிருந்து வந்த பிள்ளை பேசினதுதான் குற்றமாகப் போய்விட்டது. கடற்கரைப் பிள்ளை என்றால் ஒக்கி புயலைப் பற்றி எழுதணும், கடலரிப்பைத் தடுக்கத் தூண்டில் வளைவு கேட்டு எழுதணும், அழுதுகொண்டே எழுதணும். அப்போதுதான் நமக்குத் திருப்தி.

அவளுடைய தாய்மாமா 2017இல் கடலுக்குப் போனவர் திரும்பவில்லை. ஒக்கி என்றால் என்ன என்று அவளுக்கா சொல்லிக்கொடுக்கிறீர்கள்?

சரி, அவள் என்னதான் பேசினாள்? பாதிப் பேர் அப்போது வராந்தாவில் டீ குடித்துக்கொண்டிருந்தீர்கள், அதனால் சொல்கிறேன். நீஸ் நகரத்தைப் பற்றிய பழைய பயண நூல்களில் ஒன்றை எழுதிய ஸ்காட்லாந்து நாவலாசிரியர் ஸ்மாலெட்டில் ஆரம்பித்தாள். 1763இல் ஒரே மகளைப் பதினைந்து வயதில் பறிகொடுத்த துக்கத்தோடு, நெஞ்சு நோயோடு இங்கிலாந்தை விட்டுக் கிளம்பியவர் அவர். நீஸில் மே மாதத் தொடக்கத்திலேயே கடலில் இறங்கிக் குளித்தார். ஊர்க்காரர்கள் இவருக்குப் பைத்தியமா என்று பார்த்தார்கள், வைத்தியர்கள் செத்துப்போவாய் என்றார்கள். அவருக்கோ மூச்சு லேசானது. 1766இல் அதையெல்லாம் புத்தகமாகப் போட்டார். அந்த ஊரைப் பற்றிய மோகம் தொடங்கிய இடங்களில் அது ஒன்று. மகளை இழந்த ஒரு நோயாளி உப்புத் தண்ணீரில் இறங்கின கதை அது. சீமாட்டி எங்கே வந்தாள்?

இன்று படங்களில் எல்லோரும் பார்க்கிற அந்தக் கடலோர நடைபாதை, ‘ஆங்கிலேயர் உலாச்சாலை’, அது எப்படி வந்தது என்றும் சொன்னாள். 1820களில் ஒரு கடுங்குளிரில் வேலையில்லாமல் ஜனங்கள் பிச்சைக்கு வந்து நின்றபோது, லூயிஸ் வே என்ற ஆங்கிலேயப் பாதிரியார் பணம் திரட்டி அவர்களைக் கூலிக்கு வைத்துக் கடலோரமாக ஒரு பாதை போட்டார். பட்டினி கிடந்தவர்கள் கூலிக்குப் போட்ட பாதையில்தான் அப்புறம் அரசர்கள் நடந்தார்கள். இதைச் சொல்லும்போது அவள் குரல் நடுங்கியது, நான் முன்வரிசையில் இருந்தேன்.

அதற்கும் மேலே ஒன்று. 1834இல் பிரிட்டிஷ் அரசியல்வாதி பிரௌம் பிரபு இத்தாலிக்குப் போகிற வழியில், காலரா பயத்தால் நீஸுக்கு முன்னால் வரும் வார் ஆற்று எல்லையில் மறித்துத் திருப்பி அனுப்பப்பட்டார். அப்போது நீஸ் பிரான்சில் இல்லை, சார்தீனிய ராஜ்ஜியத்தில் இருந்தது. திரும்பி வந்து தங்கிய மீனவக் கிராமம் பிடித்துப்போய் அங்கேயே நிலம் வாங்கி வீடு கட்டினார். அந்தக் கிராமம்தான் கான். எல்லையில் மறித்ததால் பிறந்த ஒரு சொகுசு நகரம்! 2020இல் இ-பாஸ் இல்லாமல் களியக்காவிளையில் நின்றவர்கள் நிறைந்த அரங்கில் இதைச் சொல்கிறாள் ஒரு பிள்ளை. இதைவிட நம் மண்ணுக்கு நெருக்கமாக எப்படி ஐயா பேசுவது?

அவள் ரஷ்ய எழுத்தாளர் செகாவைத் தொட ஆரம்பித்தபோதுதான் அந்தப் பெரியவர் எழுந்தார். அதனால் அவள் முடிக்கவில்லை. நான் முடிக்கிறேன்.

1897இல் ரத்தம் கக்கி மருத்துவமனையில் கிடந்த செகாவ், அந்தக் குளிர்காலத்தை ரஷ்யாவில் தாங்க முடியாது என்று நீஸுக்கு வந்தார். ரஷ்யர்கள் தங்கும் ஒரு விடுதியில் அறை. ஜன்னலுக்கு வெளியே வெயில், பனை இனத்து மரங்கள், பூ. அந்த அறையில் உட்கார்ந்து என்ன எழுதினார் தெரியுமா? சம்பளம் வாங்கிக்கொண்டு சேற்றுப் பாதையில் வண்டியில் குலுங்கி ஊர் திரும்புகிற ஒரு ஏழைப் பள்ளிக்கூட ஆசிரியையின் கதையை. அந்தக் கதையில் நீஸ் இல்லை, கடலும் இல்லை. அழகான ஊரில் உட்கார்ந்தால் சொந்த ஊரின் சேறு மறந்துபோகும் என்று யார் சொன்னது? 1900இல் திரும்பவும் வந்து ‘மூன்று சகோதரிகள்’ நாடகத்தைத் திருத்தி முடித்ததும் நீஸில்தான். அது மாஸ்கோ, மாஸ்கோ என்று ஏங்கும் நாடகம்.

இனி என் வீட்டுக் கதை. அப்பா கோவளத்தில் ஒரு ஹோட்டலில் சலவைப் பிரிவில் வேலை பார்த்தார். சீசன் முடியும்போது அறைகளில் வெள்ளைக்காரர்கள் விட்டுவிட்டுப் போன புத்தகங்களை மேலாளர் கொண்டுபோகச் சொல்லிவிடுவார். அப்பா அவற்றைப் பழைய போர்வை உறையில் கட்டிக் கொண்டுவருவார். தண்ணீரில் நனைந்து காய்ந்து ஊதிப்போன தாள்கள். புரட்டினால் நடுவிலிருந்து மணல் உதிரும். பக்க ஓரங்களில் எண்ணெய் விரல் அடையாளம், தேங்காய் எண்ணெய் இல்லை, வேறு வாசனை. ஜெர்மன் புத்தகமும் இருக்கும், பிரெஞ்சும் இருக்கும், ஆங்கிலம் கிடைத்தால் எனக்கு. நீஸ் இருக்கிற அந்த ரிவியேரா கடற்கரையை நான் முதலில் படித்தது அப்படி வந்த ஒரு கிழிந்த அட்டைப் புத்தகத்தில்தான். “இதுல என்ன எழுதியிருக்கு?” என்று அப்பா கேட்பார். ஹோட்டல்ல தங்குறவங்க கதை என்பேன். “தங்குறவங்க கதை எனக்குத் தெரியும், அவங்க விரிப்பை நான்தானே அலசுறேன். மேல சொல்லு” என்பார். நான் சொல்லச் சொல்ல முழுக்கக் கேட்பார். யார் யாரோடு போனார்கள், யாருக்குக் காசு தீர்ந்தது, யார் குடித்து அழிந்தார்கள், எல்லாம் வேண்டும் அவருக்கு.

அப்பாவைப் பார்த்து ‘உனக்கு எதற்கு இந்தக் கதை’ என்று யாராவது கேட்டிருந்தால் நான் சும்மா இருந்திருப்பேனா?

இந்த ஊர்களைப் பற்றிய புத்தகங்கள் ஏன் தீரவே மாட்டேன் என்கின்றன என்று எனக்கு அங்கேதான் புரிந்தது. உல்லாச ஊருக்கு வருகிற எவரும் வெறுமனே வருவதில்லை. நோயாளி மூச்சு தேடி வருகிறார், சூதாடி கடன் அடைக்க வருகிறார், நாடிழந்தவர் ஒளிந்துகொள்ள வருகிறார், புதுப் பணக்காரர் தன்னைக் காட்டிக்கொள்ள வருகிறார். ஊரில் ஒருவரையொருவர் எட்டிக்கூடப் பார்க்காதவர்கள் இங்கே ஒரே சாப்பாட்டு அறையில். பின்கட்டில் எங்களைப் போன்றவர்கள். எழுதுகிறவருக்கு வேறென்ன வேண்டும்? அதோடு அந்த வெளிச்சம் இருக்கிறது, அந்த நீலம் இருக்கிறது. அழகு பிடிக்கிறது என்று சொல்வதற்கு எதற்குக் கூச்சப்படணும்? எங்கள் கடலும் அழகுதான். வீட்டை இடிக்கிற அன்றைக்கும் அழகுதான்.

“அதெல்லாம் பணக்காரர்கள் தங்களைப் பற்றி எழுதிக்கொண்டது” என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். படித்துவிட்டுத்தான் எழுதினீர்களா? அமெரிக்க எழுத்தாளர் ஃபிட்ஸ்ஜெரால்டின் ரிவியேரா நாவல் 1934இல் வந்தது. மனைவி மனநல மருத்துவமனையில், தலைக்கு மேல் கடன், அந்த நிலையில் எழுதியது. ஊரே கொண்டாடுகிற ஒரு மருத்துவர் பணத்துக்குள் போய் மெல்ல மெல்ல ஒன்றுமில்லாமல் போகிற கதை. மினுக்கத்தை அதன் உள்ளிருந்தே அறுத்துப் பார்க்கிறது. ஆங்கில நாவலாசிரியர் கிரஹாம் கிரீன் பக்கத்து ஊரான ஆன்டிப்பில் குடியிருந்துகொண்டே, நீஸ் நகரத்துக் குற்றக் கும்பல்களையும் ஊழலையும் பற்றி 1982இல் ஒரு சிறு நூல் எழுதினார். பிரான்சில் நீதிமன்றம் அதைத் தடை செய்தது. நீஸின் மேயர் 1990இல் நாட்டை விட்டே ஓடி உருகுவேக்குப் போனார். இதெல்லாம் சொகுசு வாசிப்பா?

“நம் மண்ணின் எழுத்தைப் படிக்கட்டும்” என்கிறார்கள். படிக்கிறாள். உங்களைவிட அதிகம் படிக்கிறாள். ஆனால் ஒன்று கேட்கிறேன். மலையாள நாவல் ‘செம்மீன்’ 1956இல் வந்தது. அதை எழுதிய தகழி கடல்தொழில் செய்தவர் இல்லை, வழக்கறிஞர். அவர் கடற்கரைக்கு வந்து எங்களைப் பற்றி எழுதலாம், அதற்கு விருது கொடுத்துக் கொண்டாடலாம், தப்பில்லை, எனக்கும் பிடித்த புத்தகம்தான். ஆனால் கடற்கரையிலிருந்து ஒரு பிள்ளை கிளம்பி இன்னொரு கடற்கரையைப் புத்தகத்தில் போய்ப் பார்த்தால் மட்டும் மண்ணை மறந்தவளா? வெளியே இருப்பவர்கள் எங்களைப் பார்க்கலாம், நாங்கள் வெளியே பார்க்கக் கூடாதா?

“பெரியவர், வயதுக்கு மரியாதை” என்றவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. மரியாதை குறைவாக அவள் ஒரு சொல்கூடச் சொல்லவில்லை. மைக்கை வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள், அவ்வளவுதான்.

இதையும் சொல்லிவிடுகிறேன், மனசில் கிடந்து அரிக்கிறது. நீஸ் 1860இல் சார்தீனிய ராஜ்ஜியத்திலிருந்து பிரான்சுக்குக் கைமாறியது. அங்கே பிறந்து இத்தாலியை ஒன்றாக்கப் போராடிய கரிபால்டி கடைசிவரை அதை ஏற்கவில்லை. பெயருக்காவது ஒரு வாக்கெடுப்பு அங்கே நடந்தது. 1956 நவம்பர் 1 அன்று நம்மை இரண்டாகப் பிரித்தபோது அதுவும் கிடையாது. நான்கு தாலுகா அந்தப் பக்கம், இன்றைய தமிழ்நாட்டுக்கு; நெய்யாற்றின்கரை இந்தப் பக்கம், கேரளத்துக்கு. அன்றிலிருந்து இங்கே நாங்கள் ‘தமிழர்’, நாகர்கோவிலைத் தாண்டிப் போனால் ‘மலையாளி’. பேச்சைக் கேட்டுச் சிரிப்பார்கள். இரண்டு பக்கமும் எங்களுக்கு ஒரு அளவு வைத்திருக்கிறார்கள். நம் வாசகசாலைக்கு உள்ளேயாவது அந்த அளவுகோல் வராது என்று நம்பியிருந்தேன். மூன்றாவது அளவுகோலை நம் ஆட்களே கொண்டுவந்து, அதையும் நம் பிள்ளை மேலேயே வைத்துப் பார்த்தால் எங்கே போவது?

அவள் நேற்று வாட்ஸாப் குழுவிலிருந்து வெளியேறிவிட்டாள். பாதிப் பேருக்கு இது தெரிந்திருக்காது. அடுத்த மாதம் மென்டனைப் பற்றிப் பேசுவதாக இருந்தாள். அதே ரிவியேராவில், காசநோயோடு எழுத்தாளர் காத்தரின் மேன்ஸ்பீல்டு 1920இல் வந்து தங்கி எழுதிய ஊர் அது. குறிப்பெல்லாம் எடுத்து வைத்திருந்தாள், எனக்குக் காட்டினாள், நோட்டுப் புத்தகத்தில் பாதி நிறைந்திருந்தது. இனிமேல் வரமாட்டேன் என்கிறாள். நான் கூப்பிட்டுப் பார்த்தேன், அவள் அம்மாதான் எடுத்தார்கள், “அவ படிக்கணும்னு இருக்கா, விட்டிருங்க” என்றார்கள்.

கைதட்டியவர்களில் ஒருவராவது, அந்தப் பெரியவரே என்றால் இன்னும் நல்லது, நேரில் போய் அவளைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். வீடு தெரியாதென்றால் என்னிடம் கேளுங்கள், நானும் வருகிறேன். அவள் பேசி முடிக்கும்வரை உட்கார்ந்து கேளுங்கள். கேள்வி அப்புறம் கேட்டுக்கொள்ளலாம்.