சபையில இருக்கேக்க செய்ததை ஆரும் எழுதேல்லயே

எங்கட பிரதேச சபை மெம்பரா இருந்து எம்பி ஆனவரைப் பற்றி நீங்கள் கட்டுரை எழுதினது சரி, ஆனா அதில முக்கால்வாசி அவர் எம்பியான பிறகு நடந்த கொழும்புக் கதைதான். மனுசன் சபையில இருக்கேக்க மாரிக்கு எங்கட ஒழுங்கை வெள்ளத்தில நிக்க சாரத்தை மடிச்சுக் கட்டிக்கொண்டு மதகுக்குள்ள அடைச்ச குப்பையை இழுத்தவர், தெருலைற் எரியேல்லயெண்டா ஒரு போன் அடிச்சாக் காணும். இப்ப வன்னித் தேர்தல் மாவட்டமெண்டா மன்னார் வவுனியா முல்லைத்தீவு மூண்டும் சேர்த்து 6 சீற், விருப்பு வாக்குக்கு, அதான் கட்சிக்குப் போட்டிட்டு அதுக்குள்ள ஆளுக்கெண்டு போடுற வாக்குக்கு, எல்லா இடமும் ஓடோணும், எங்கட ஒழுங்கை எங்க ஞாபகம் வரும். அதோட கிரவல் றோட்டும் குப்பையும் சபை வேலை, எம்பியிட்டக் கேக்கவேண்டியது காடெண்டு எல்லைக்கல்லுப் போட்ட வயல்காணியளைப் பற்றி பார்லிமென்றில கதைச்சவரோ எண்டுதான், எங்கட ஆக்கள் கலியாண வீட்டுக்கு வரேல்லயெண்டெல்லோ கோவிக்கினம்.