ஃபைன் கட்டினா கேஸ் முடிஞ்சிடுச்சின்னு யாருங்க சொன்னது?

காட்பாடியில சின்னதா ஒரு ஜெராக்ஸ் கடை வெச்சிருக்கேன், பாஸ்போர்ட், போலீஸ் வெரிஃபிகேஷன் எல்லாம் ஆன்லைன்ல போட்டுக் குடுப்பேன். போன வாரம் ஒரு பையன் அவங்க அம்மாவோட வந்தான், துபாய்ல வேலையாம், போலீஸ் சர்டிபிகேட் வேணுமாம். கேஸ் எதனா இருக்கா தம்பின்னு வழக்கமா கேக்குற மாதிரிதான் கேட்டேன். பையன் கம்முனு கீபோர்டையே பாத்துகினு இருந்தான். அம்மாதான், "காலேஜ் படிக்க சொல்ல ஒரு சின்ன கஞ்சா கேஸுண்ணா, ஒத்துக்க சொல்லு, ஃபைனோட முடிஞ்சிடும்னு வக்கீல் சொன்னாரு"ன்னு பர்ஸ்ல இருந்து ரசீது எடுத்தாங்க. மடிச்சி மடிச்சி நாலு மடிப்புலயும் கிழிஞ்சி போயிருக்கு.

எனக்கு ஆத்திரமே அந்த "முடிஞ்சிடும்"ல தான். ஹெல்மெட் ஃபைனா இது? கோர்ட்ல ஒத்துக்கினு ஃபைன் கட்டினா அதுக்குப் பேரு தண்டனை. 1985ல வந்த போதைப்பொருள் சட்டத்துல 1 கிலோ வரைக்கும் கஞ்சான்னா சின்ன அளவு, 1 வருஷம் வரை ஜெயில், இல்லன்னா 10,000 வரை ஃபைன், இல்ல ரெண்டும். தொரப்பாடி ஜெயிலுக்கு போவலியேன்ற சந்தோசத்துல வீட்டுக்கு வந்துடுறாங்க. சரி, இந்த தண்டனை ரெக்கார்டுல இருந்து எத்தன வருஷத்துல அழியும்? 18 தாண்டினவனுக்கு அழியற தேதின்னு நம்ம சட்டத்துல ஒன்னும் கெடையாது. 2022ல வந்த சட்டப்படி போலீஸ் எடுக்குற கைரேகை 75 வருஷம் இருக்கும், முன்ன தண்டனை இல்லாதவன் விடுதலையானா மாஜிஸ்திரேட் அழிக்க வேணாம்னு எழுதினா ஒழிய அழிச்சிடணும், ஒத்துக்கினவனுக்கு அது கெடையாது, 20 வயசுல ரேகை வெச்சவனுக்கு கணக்கு போட்டுப் பாருங்க. இங்கிலாந்துல 1974லயே சட்டம் போட்டுட்டான், வெறும் ஃபைன்னா 1 வருஷத்துல பெரும்பாலான வேலைக்கு சொல்லவே வேணாம்.

ஆந்திராவுல இருந்து ரயில்ல மூட்டை மூட்டையா கடத்துறவன நான் பாவம்னு சொல்ல வரல. ஆனா அதே போதைப்பொருள் சட்டத்துல 64ஏன்னு ஒரு பிரிவு கீது, சின்ன அளவோட மாட்டின ஆளு அடிமையாயிட்டிருந்து, தானா கவர்மெண்ட் அங்கீகாரம் உள்ள ஆஸ்பத்திரிக்கு போயி முழுசா வைத்தியம் பாத்துக்கினா வழக்கே கெடையாது. இத எந்த அம்மாகிட்ட யாரு சொல்றாங்க?

பாஸ்போர்ட் கெடைக்காதோன்னு தான் அந்தம்மாவுக்கு பெரிய பயம். அது அவ்ளோ மோசம் இல்ல, கடைசி 5 வருஷத்துக்குள்ள 2 வருஷமோ அதுக்கு மேலயோ தண்டனை வாங்கியிருக்கியான்னு தான் ஃபார்ம்லயே கேக்குறான், கேஸ் நடந்துகினு இருந்தா தான் பேஜாரு. அமெரிக்கா விசான்னா எப்பவாவது அரெஸ்ட் ஆனியான்னே கேப்பான். வேலைக்கு எழுதிக் குடுக்குற எடத்துல மறைக்காதப்பா, 2016ல சுப்ரீம் கோர்ட்டே சொல்லியிருக்கு, சின்ன கேஸ கம்பெனி மன்னிச்சாலும் மன்னிக்கும், மறைச்சது தெரிஞ்சா அதுக்கே வேல போவும்னு சொன்னேன்.

அந்த ரசீது தாங்காது, ஜட்ஜ்மெண்ட் நகல் சீல் போட்டு வாங்கி வெச்சிக்கங்கன்னேன். திங்கக்கிழமை சத்துவாச்சாரி கோர்ட்டுக்கு போறாங்களாம், இந்தவாட்டி அந்த வக்கீல் இல்லாம.