ஜூரி சம்மன் வந்தால் ஓடுகிறவர்கள் யார்?

டெக்சாஸில் டாலஸ் பக்கத் தமிழ் வாட்ஸாப் குழுக்களில் அடிக்கடி வரும் கேள்வி: "ஜூரி சம்மன் வந்திருக்கு, எப்படித் தப்பிக்கிறது?" (கோர்ட் வழக்கைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்ல சாதாரணக் குடிமக்களைக் கூப்பிடுவதுதான் ஜூரி சம்மன்.) உடனே ஆளாளுக்கு யோசனை சொல்வார்கள். இங்கிலீஷ் சரியா வராதுன்னு சொல்லு, போலீஸ்னாலே பிடிக்காதுன்னு சொல்லு, வேலை தலைக்கு மேல இருக்குன்னு சொல்லு. சொல்பவர்களும் கேட்பவரும் பெரும்பாலும் என்னைப் போல மாதச் சம்பள ஐடி ஆட்கள். எனக்கு எரிச்சல் வருவது அதனால்தான்.

(ஹெச்-1பி, கிரீன் கார்டுக்காரர்களைச் சொல்லவில்லை. டெக்சாஸில் டிரைவிங் லைசென்ஸ் பட்டியலிலிருந்தும் பெயர் எடுப்பதால் அவர்களுக்கும் சம்மன் வந்துவிடும். குடியுரிமை இல்லை என்று குறித்து அனுப்பினால் வேலை முடிந்தது. நான் சொல்வது, கையை உயர்த்தி அமெரிக்கக் குடியுரிமை உறுதிமொழி எடுத்து, கொடியோடு படம் போட்டு லைக் வாங்கியவர்களை.)

நம்மூரில், ஜூரி விடுவித்தவரை ஹைகோர்ட் தண்டித்த நானாவதி கொலை வழக்குக்கு அப்புறம் ஜூரி முறை மெல்ல ஒழிந்து, 1973 குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இல்லாமலே போய்விட்டது. அதனால் நமக்கு இது பழக்கமில்லை, சரி. ஆனால் நஷ்டம் என்று மட்டும் சொல்லாதீர்கள். ஓவர்டைம் கிடையாத மாதச் சம்பளக்காரர் அந்த வாரத்தில் கொஞ்சமாவது வேலை பார்த்திருந்தால், ஜூரிக்குப் போன நாளுக்காக அவர் சம்பளத்தில் கை வைக்கக் கூடாது என்பது அமெரிக்க மத்திய அரசின் ஊதிய விதி. கோர்ட் கொடுக்கும் படியை வேண்டுமானால் கம்பெனி கழித்துக்கொள்ளலாம். தற்காலிக ராணுவப் பணிக்குப் போனாலும் இதே விதிதான்.

மணிக்கணக்கில் கூலி வாங்குபவருக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. ஜூரிக்குப் போனதற்காக வேலையை விட்டுத் தூக்கக் கூடாது என்கிறது டெக்சாஸ் சட்டம். அந்த நாளுக்குக் கூலி கொடு என்று எங்கேயும் சொல்லவில்லை. கோர்ட் தருவது முதல் நாளுக்கு 20 டாலர், அப்புறம் நாளுக்கு 58. இதுவும் 2023 செப்டம்பரில் ஏற்றியது. அதற்கு முன்னால் முதல் நாளுக்கு 6 டாலர்!

மெக்கின்னி கோர்ட்டில் நான் காத்திருந்தபோது பக்கத்தில் இருந்தவர் ஒரு ஓட்டல் சமையல்காரர். வழுக்காத கறுப்பு ஷூவோடு வந்திருந்தார். மத்தியானம் விட்டால் சாயங்கால ஷிஃப்டையாவது பிடித்துவிடலாம் என்று மேனேஜருக்கு மெசேஜ் மேல் மெசேஜ். நான் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு மீட்டிங்கில் மியூட்டில் இருந்தேன். எனக்கு அன்று முழுச் சம்பளம். 'கட்டுப்படியாகாது, விடுங்கள்' என்று அவர் நீதிபதியிடம் கேட்டாலும் சுலபத்தில் விட முடியாது. பணக் காரணத்துக்காக ஒருவரை விடுவிக்க வழக்கின் எல்லாத் தரப்பும் சம்மதிக்க வேண்டும். வராமலே இருந்துவிட்டால் 100 முதல் 1000 டாலர் வரை அபராதம்.

ராணுவ விடுப்பிலும் இதே கதைதான். 1994-இல் வந்த யூசெர்ரா சட்டம், வேறு வேலை பார்த்துக்கொண்டே கூப்பிடும்போது ராணுவத்துக்குப் போகும் நேஷனல் கார்டு, ரிசர்வ் படைக்காரர்களின் வேலைக்கு நல்ல அரண். கம்பெனி எவ்வளவு சின்னதானாலும் பொருந்தும். பொதுவாக மொத்தம் ஐந்து ஆண்டுவரை போய்வரலாம். திரும்பி வரும்போது, போகாமல் இங்கேயே இருந்திருந்தால் எந்தப் பதவிக்கு உயர்ந்திருப்பாரோ அதில் வைக்க வேண்டும். ஆனால் போயிருந்த நாட்களுக்குச் சம்பளம் தரச் சொல்லவில்லை. மேலே சொன்ன மாதச் சம்பள விதி பொருந்தாத இடத்தில், கொடுப்பதும் கொடுக்காததும் முதலாளி மனசு.

அந்த அரணும் தானாக வேலை செய்வதில்லை. லீ ராய் டோரஸ் டெக்சாஸ் மாநிலப் போலீஸ்காரர், ரிசர்வ் படைக்காரர். 2007-இல் இராக் போனவர், அங்கே குப்பை எரித்த குழிகளின் புகையில் நுரையீரல் கெட்டுத் திரும்பினார். பழைய வேலை முடியாது, ஏற்ற வேலை கொடுங்கள் என்று கேட்டார். கொடுக்கவில்லை. வழக்குப் போட்டால், மாநிலத்தின் மேல் இந்தச் சட்டப்படி வழக்கே போட முடியாது என்றது டெக்சாஸ். சுப்ரீம் கோர்ட் வரை போய் 2022-இல் 5-4 என்ற கணக்கில் ஜெயித்தார். அடுத்த ஆண்டு அவருக்குச் சுமார் 25 லட்சம் டாலர் கொடுக்கச் சொன்னது ஒரு ஜூரி. அதாவது, சம்மன் வந்ததும் தப்பிக்க வழி தேடாமல் போய் உட்கார்ந்த சிலர்.

நாளைக்கு நமக்கே ஒரு வழக்கு வந்தால், அந்தச் சமையல்காரரைப் போன்றவர்களும் ஜூரியில் இருக்க வேண்டும் என்றுதான் நான் விரும்புவேன். அதற்கு வழி தெரியாமல் இல்லை. மாசசூசெட்ஸில் முதல் மூன்று நாள் கூலியை முதலாளி கொடுக்க வேண்டும், நான்காம் நாளிலிருந்து அரசு நாளுக்கு 50 டாலர் தரும். தாங்க முடியாத கஷ்டம் என்றால் முதலாளி விலக்குக் கேட்கலாம். சான் பிரான்சிஸ்கோ 2022-இல் வருமானம் குறைந்தவர்களுக்கு நாளுக்கு 100 டாலர் கொடுக்க ஆரம்பித்தது. இங்கே இதைப் பேசினால் தொழிலை நசுக்குகிறார்கள் என்பார்கள்.

சட்டம் வரும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. ஓட்டல், கிராசரி, கேஸ் ஸ்டேஷன் என்று நம்மவர்களே இங்கே நிறைய நடத்துகிறார்கள். ஜூரிக்குப் போகும் ஊழியருக்கு அந்த நாள் கூலியை அவர்களே கொடுத்துவிடலாம். சம்மன் வருபவர்களில் பாதிக்கு மேல் முதல் நாளே வீட்டுக்கு வந்துவிடுவார்கள். மூன்று நாளே ஆனாலும், மணிக்கு 15 டாலர் வாங்குபவருக்கு 360 டாலர். தீபாவளி விழா ஸ்பான்சர் பேனருக்கு அதைவிடக் கூடவே கொடுக்கிறார்கள்.