மும்பை மில்களை மூடியது சங்கம் மட்டுமா?

"தொழிற்சங்கத் தலைவர் தத்தா சாமந்த்தின் வேலைநிறுத்தம்தான் மும்பை துணி மில்களை ஒழித்தது, சங்கம் இல்லையென்றால் இன்றும் ஓடியிருக்கும்" என்று எழுதியிருக்கிறீர்கள். பாதிதான் சரி. 1982 ஜனவரி 18-ல் தொடங்கிய அந்தப் போராட்டத்தில் சுமார் இரண்டரை லட்சம் பேர் இறங்கினார்கள். அதன்பிறகு பல மில்கள் திறக்கவே இல்லை. அதை நான் மறுக்கவில்லை.

ஆனால் நாடு முழுக்க 103 நலிந்த மில்களை அரசு தேசியமயமாக்கியது 1974-ல். அதாவது வேலைநிறுத்தத்துக்கு எட்டு வருடம் முன்பே நோய் முற்றிவிட்டது. பல முதலாளிகள் பழைய தறிகளை மாற்றவே இல்லை. நெசவு மெல்ல மெல்ல மும்பைக்குப் பக்கத்தில் இருக்கும் பிவண்டி ஊரின் விசைத்தறிக்குப் போனது. அங்கே பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட். தறிச் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் கத்தினாலும் காதில் விழாது. கூலி குறைவு, கேட்க ஆளில்லை. அந்த விலையோடு மில் எப்படிப் போட்டி போடும்?

அப்புறம் நிலம். 1991-ல் வந்த விதி மில் நிலத்தை விற்க வழிவிட்டது. பழைய மில் பகுதியான லோயர் பரேலில் இன்று மால் நிற்கும் இடங்களைப் பாருங்கள். துணி நெய்வதைவிட மண்ணை விற்பதில்தான் பணம் என்று ஆகிவிட்டது.

சங்கம் இல்லாவிட்டால் வேலை நிலைக்கும் என்றும் சொல்ல முடியாது. தாராவியில் எங்கள் சந்தில் சட்டை தைப்பவர்களுக்குச் சங்கம் கிடையாது. தைத்த உருப்படிக்கு இவ்வளவு என்ற பீஸ் ரேட்தான், ஆர்டர் நின்றால் அன்றைக்குச் சம்பளமும் இல்லை.