"பைத்தானை இன்ஸ்டால் செய்துகொள்ளுங்கள்" என்று சொல்வதை நிறுத்தலாமே

பல எக்செல் கோப்புகளை ஒன்றாகச் சேர்த்துத் தரும் ஸ்கிரிப்ட் (சிறு நிரல்) ஒன்றை பைத்தான் என்ற நிரல்மொழியில் எழுதினேன். 140 வரி, ஒரு மாலையில் முடிந்துவிட்டது. அதை மூன்று பேருடைய கணினியில் ஓட வைக்க இரண்டு வாரம் ஆனது. அந்த இரண்டு வாரப் புலம்பல்தான் இது, கொஞ்சம் நீளமாகவே இருக்கும்.

முதலில் எல்லாரும் செய்வதையே நானும் செய்தேன். ஸ்கிரிப்டோடு ஒரு ரீட்மீ, அதாவது வழிமுறைக் கோப்பு. பைத்தானை இன்ஸ்டால் செய்யவும், பிப் (பைத்தானுக்கான ஆயத்த நிரல்களை, அதாவது லைப்ரரிகளை, இறக்கித் தரும் கருவி) வழியாக பாண்டாஸ், ஓபன்பைஎக்செல் என்ற இரண்டு லைப்ரரிகளையும் இறக்கவும், டெர்மினலில் (கட்டளைகளைத் தட்டும் சாளரம்) இந்த வரியை அடிக்கவும். கணக்குப் பிரிவில் இருப்பவர் விண்டோஸ் வைத்திருந்தார். "டெர்மினல்னா எது அண்ணா?" என்றார். அதைக் கண்டுபிடித்து, பைத்தான் என்று அடித்ததும், "ஏதோ கடை திறக்குது" என்று ஸ்கிரீன்ஷாட் அனுப்பினார். 2019 மே மாத விண்டோஸ் 10 அப்டேட்டிலிருந்து, பைத்தான் இல்லாத கணினியில் அந்தப் பெயரை அடித்தால் மைக்ரோசாஃப்ட் ஸ்டோர் திறந்துகொள்ளும். எனக்கு அது தெரியும். ரீட்மீயில் எழுதத்தான் தோன்றவில்லை.

அடுத்தவரிடம் டெபியன் 12, லினக்ஸ் வகைகளில் ஒன்று. டெர்மினலிலேயே குடியிருப்பவர், ஆகவே கவலையில்லை என்று நினைத்தேன். அவருக்கு பிப் முகத்தில் அடித்தாற்போல மறுத்துவிட்டது. இந்த பைத்தானை இயங்குதளம் பராமரிக்கிறது, நீ கைவைக்காதே என்று சொல்லும் பெப் 668 கட்டுப்பாடு அது (பெப் என்பது பைத்தானில் மாற்றங்களை முன்மொழியும் ஆவணம்). டெபியனின் சொந்தக் கருவிகள் பலவும் அதே பைத்தானில்தான் ஓடுகின்றன, அதனால் மறுப்பு நியாயமானதுதான். வெர்ச்சுவல் என்விரான்மென்ட் (லைப்ரரிகளைத் தனியாக வைத்துக்கொள்ளும் ஃபோல்டர்) போட்டுக்கொள்ளுங்கள் என்றேன். அதற்குத் தனியாக ஒரு பேக்கேஜ் வேண்டுமாம். மூன்றாமவர் மேக். 2022இல் வந்த மேக்ஓஎஸ் 12.3லிருந்து ஆப்பிள் பழைய பைத்தான் 2.7ஐத் தூக்கிவிட்டது. பைத்தான்3 என்று அடித்தால், டெவலப்பர் கருவிகளை இறக்கட்டுமா என்று கேட்கும். எக்செல் கோப்பைச் சேர்க்க வந்தவர் எதற்கு அதையெல்லாம் இறக்க வேண்டும்?

சரி, என் வெர்ச்சுவல் என்விரான்மென்ட் ஃபோல்டரையே ஜிப் செய்து அனுப்பிவிடலாம் என்று ஒரு யோசனை. சிரிக்காதீர்கள், நீங்களும் ஒரு தடவையாவது செய்திருப்பீர்கள். அந்த ஃபோல்டருக்குள் இருக்கும் ஸ்கிரிப்டுகளில் என் கணினியின் முழுப் பாதை அப்படியே எழுதப்பட்டிருக்கும். பக்கத்து ஃபோல்டருக்கு நகர்த்தினாலே தகராறு செய்யும், பக்கத்துக் கணினிக்கு எங்கே போவது?

பாதையை மட்டும் சரிசெய்தாலும் போதாது. பைத்தான் எங்கும் ஓடும் என்று நாம் பெருமையாகச் சொல்வது நாம் எழுதும் வரிகளுக்குத்தான் பொருந்தும். பாண்டாஸின் அடியில் நம்பை என்ற கணித லைப்ரரி இருக்கிறது, நம்பையின் அடியில் சி மொழி இருக்கிறது. சி என்றால் கம்பைல் செய்யப்பட்ட, அதாவது கணினியின் சிப்புக்கு நேரடியாகப் புரியும்படி மாற்றப்பட்ட கோப்பு. விண்டோஸுக்கு ஒன்று, மேக்கின் இன்டெல் சிப்புக்கு ஒன்று, அதே மேக்கின் ஆப்பிள் சிப்புக்கு இன்னொன்று, பைத்தானின் ஒவ்வொரு பதிப்புக்கும் தனித்தனி. பிப் இறக்கும் வீல் கோப்பின் பெயர் ரயில்பெட்டி போல நீண்டுகொண்டே போவது இதனால்தான். பைத்தான் பதிப்பு, இயங்குதளம், சிப் எல்லாம் அந்தப் பெயரிலேயே இருக்கும்.

லினக்ஸில் சிக்கல் இன்னும் ஒரு படி கீழே. அங்கே கிட்டத்தட்ட எல்லா நிரலும் ஜிலிப்சி என்ற அடிப்படை லைப்ரரியை நம்பியிருக்கிறது. பழைய ஜிலிப்சியோடு கம்பைல் செய்தது புதியதில் ஓடும். புதியதோடு செய்தது பழையதில் ஓடாது. அதனால்தான் 2016இல் பெப் 513 மூலம் மெனிலினக்ஸ் என்ற ஏற்பாடு வந்தபோது, அன்றைக்கே கிழடாகிப்போன சென்ட்ஓஎஸ் 5ஐ அளவுகோலாக எடுத்தார்கள். அதில் ஓடினால் அதற்குப் பிறகு வந்த பெரும்பாலான டிஸ்ட்ரோக்களிலும் (லினக்ஸ் வகைகளிலும்) ஓடும் என்ற கணக்கு. மெனிலினக்ஸ்2014க்கு சென்ட்ஓஎஸ் 7. பிப் இன்ஸ்டால் என்று அடித்ததும் நம்பை நொடியில் வந்து உட்காருவதற்குப் பின்னால் யாரோ இவ்வளவு பாடுபட்டிருக்கிறார்கள். அதை நான் அதுவரை யோசித்ததே இல்லை.

கடைசியில் பைஇன்ஸ்டாலருக்கு வந்தேன். இம்போர்ட் வரிகளைப் பின்தொடர்ந்து போய், தேவையான லைப்ரரிகளையும் ஸ்கிரிப்டைப் படித்து ஓட்டும் பைத்தான் இன்டர்பிரிட்டரையும் சேர்த்து ஒரே மூட்டையாகக் கட்டிவிடும். வாங்குபவருக்கு பைத்தான் என்ற சொல்லே தெரிய வேண்டாம். அருமையான கருவி, ஆனால் அதுவும் நிபந்தனை இல்லாமல் வருவதில்லை. விண்டோஸ் மூட்டையை விண்டோஸில்தான் கட்ட முடியும், மேக்குக்கு மேக்கில். லினக்ஸில் ஜிலிப்சியை மட்டும் அது மூட்டைக்குள் எடுக்காது, ஆகவே இருப்பதிலேயே பழைய லினக்ஸில் உட்கார்ந்து கட்ட வேண்டும். ஓடும்போது பெயரை வைத்து ஏற்றப்படும் மாட்யூல்கள் அதன் கண்ணில் படாது, நாம்தான் எடுத்துச் சொல்ல வேண்டும். ஒரே கோப்பாகக் கட்டினால், ஒவ்வொரு முறை திறக்கும்போதும் எல்லாவற்றையும் தற்காலிக ஃபோல்டரில் பிரித்துக் கொட்டிவிட்டுத்தான் வேலையைத் தொடங்கும். "க்ளிக் பண்ணினேன், ஒண்ணுமே ஆகல" என்ற புகாருக்குக் காரணம் அந்தச் சில நொடிகள்தான்.

அப்புறம் ஆன்டிவைரஸ். என் 140 வரியை வைரஸ் என்று சொல்லிவிட்டது! வைரஸ் எழுதுபவர்களும் இதே பைஇன்ஸ்டாலரைப் பயன்படுத்துகிறார்கள், எல்லா மூட்டைக்கும் முன்பக்கத் துவக்க நிரல் ஒன்றுதான், ஆகவே சந்தேகம் நம்மீதும் விழுகிறது. ஒரே கோப்பை விட்டுவிட்டு ஃபோல்டராகக் கட்டி ஜிப்பில் அனுப்பினேன். எனக்கு அது தீர்ந்தது, திறக்கும் வேகமும் கூடியது. மேக்கிலோ ஆப்பிள் ஏற்கும் டிஜிட்டல் கையெழுத்தும் நோட்டரைசேஷனும் (ஆப்பிள் சோதித்துத் தரும் ஒப்புதல்) இல்லாவிட்டால் திறக்கவே பிகு செய்யும். அதற்கான டெவலப்பர் திட்டத்துக்கு ஆண்டுக்கு 99 டாலர். இலவச ஸ்கிரிப்டுக்கு அதைக் கட்ட எனக்கு மனம் வரவில்லை. மேக்காரருக்கு செட்டிங்ஸில் போய் அனுமதிக்கும் வழியைத் தொலைபேசியில் சொன்னேன்.

இதில் எரிச்சல் என்னவென்றால், இதெல்லாம் தீர்க்க முடியாத விஷயமில்லை. 2000களின் தொடக்கத்திலேயே டிசிஎல் மொழிக்காரர்கள் ஸ்டார்பேக் என்று ஒன்று வைத்திருந்தார்கள். எந்த இயங்குதளத்துக்கு வேண்டுமோ அதன் ரன்டைமை (ஸ்கிரிப்டை ஓட்டும் நிரலை) எடுத்து, ஸ்கிரிப்டை அதோடு ஒட்டினால் ஒரே கோப்பு. ஒரே கணினியில் உட்கார்ந்து எல்லாவற்றுக்கும் கட்டலாம். இன்று டெனோ என்ற ஜாவாஸ்கிரிப்ட் கருவியிலும் கோ என்ற நிரல்மொழியிலும் எந்த இயங்குதளத்துக்கு என்று சொன்னால் போதும். (கோ ஸ்கிரிப்ட் மொழி இல்லை, தெரியும். பொறாமைக்கு அதெல்லாம் தெரியாது.)

மூட்டை கட்டுவதை எதிர்ப்பவர்கள் சொல்வதிலும் விஷயம் இருக்கிறது. 2014இல் ஓபன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்க லைப்ரரியில் ஹார்ட்பிளீட் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளிப்பட்டதே, அதுபோன்ற சமயத்தில் டிஸ்ட்ரோ ஒரு பேக்கேஜைப் புதுப்பித்தால் அதைப் பகிர்ந்துகொள்ளும் எல்லா நிரலுக்கும் மருந்து போய்ச் சேரும். ஆளுக்கொரு நகலை மூட்டைக்குள் வைத்திருந்தால், ஒவ்வொருவரும் திரும்பக் கட்டி அனுப்ப வேண்டும். ஏற்கிறேன். சர்வரில் ஓடுவதற்கு டிஸ்ட்ரோ பேக்கேஜோ கன்டெய்னரோ (நிரலைத் தன் சூழலோடு தனியாக ஓட்டும் பெட்டி) தான் சரி. ஆனால் டெர்மினல் எது என்று கேட்பவருக்கு மூட்டைதான் வேண்டும், அதைப் புதுப்பிக்கும் பொறுப்பு கட்டியவனுடையது. அளவு பெரிது என்ற புகாரை மட்டும் நான் காதில் வாங்குவதில்லை. எலக்ட்ரான் என்ற கருவியால் கட்டிய செயலி ஒவ்வொன்றும் குரோமியம் என்ற முழு பிரவுசரையே சுமந்துகொண்டு வருகிறது, முணுமுணுத்துக்கொண்டே எல்லாரும் பயன்படுத்துகிறோம்.

நிரலாளர்களுக்குள் பகிர்ந்துகொள்ள மட்டும் என்றால் இப்போது நல்ல காலம். பெப் 723 வந்த பிறகு ஸ்கிரிப்டின் தலையிலேயே கமென்டாக டிபெண்டன்சிகளை (தேவையான லைப்ரரிகளை) எழுதிவிடலாம். 2024இல் வந்த யூவி என்ற கருவி அதைப் படித்து, தேவைப்பட்டால் பைத்தானையே இறக்கி ஓட்டிவிடுகிறது. டெபியன்காரருக்கு இப்போது அப்படித்தான் கொடுத்திருக்கிறேன்.

இந்த இரண்டு வாரத்தில் நடந்த ஒரே உருப்படியான காரியம், பாண்டாஸைத் தூக்கியது. கோப்புகளைத் திறந்து வரிசைகளை ஒட்டும் வேலைக்கு ஓபன்பைஎக்செல் மட்டுமே போதும், அது முழுக்க பைத்தான். இன்னும் முப்பது வரி எழுத வேண்டியிருந்தது. மூட்டையின் அளவு பாதிக்கும் கீழே இறங்கியது. ஆரம்பத்தில் ஏன் பாண்டாஸ் போட்டேன் என்றால், கை பழக்கம், அவ்வளவுதான்.

நேற்று கணக்குப் பிரிவிலிருந்து செய்தி வந்தது. "சூப்பரா ஓடுது அண்ணா. இதுல ஸ்கேன் பண்ணின பில்லையும் படிச்சு சேர்க்க முடியுமா?" அதற்கான லைப்ரரிகளை இரவு தேடிப் பார்த்தேன். எல்லாவற்றின் அடியிலும் சி++.