டிரை கிளீனிங்கில் துணி நனைவதே இல்லையா?

“டிரை கிளீனிங்கில் திரவமே கிடையாது. நீராவியும் சூடான காற்றும்தான் அழுக்கை எடுக்கின்றன” என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் தகவல் தவறு. துணி சொட்டச் சொட்ட நனைகிறது. தண்ணீருக்குப் பதில் கரைப்பான் (அழுக்கைக் கரைக்கும் ரசாயனத் திரவம்), அவ்வளவுதான். நீராவி வருவது கடைசியில், இஸ்திரி போடும்போது.

19ஆம் நூற்றாண்டில் பாரிஸ் கடைகள் டர்பன்டைன், பென்சீன் போன்றவற்றில் முக்கித் துவைத்தன. தீ விபத்து தீராத தொல்லை. அதனால் 1920களில் அமெரிக்காவில் எளிதில் பற்றாத ‘ஸ்டாடர்ட்’ என்ற பெட்ரோலியக் கரைப்பானும், 1930களில் எரியாத ‘பெர்க்’கும் (பெர்குளோரோஎத்திலீன்) வந்தன. பெர்க் 121 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். அதைக் காய்ச்சி வடித்து மறுபடி பயன்படுத்துவார்கள்.

எண்ணெய்க் கறை பெர்க்கில் கரையும். வியர்வை உப்பும் காபிச் சர்க்கரையும் கரையாது. அப்படியே தங்கி, இஸ்திரிச் சூட்டில் மஞ்சளாகும். ஆகவே துணியைக் கொடுக்கும்போதே, “இந்த இடத்தில் காபி கொட்டியது” என்று விரல் வைத்துக் காட்டுங்கள். அந்தக் கறையை முதலில் தண்ணீர் கலந்த கறைநீக்கியால் எடுத்த பிறகே இயந்திரத்தில் போட வேண்டும். பாலிஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக்கால் ஆன பொத்தான்கள் பெர்க்கில் இளகிவிடும். கழற்றிக் கொடுப்பதே நல்லது.

வீட்டுக்கு வந்த கோட்டில் காட்டமான நெடி அடித்தால், உலர்த்தும் நேரத்தைக் குறைத்திருக்கிறார்கள். பிளாஸ்டிக் உறையைக் கழற்றி, காற்றோட்டமான இடத்தில் தொங்கவிடுங்கள். நெடி போகாவிட்டால் கடைக்கே திருப்பிக் கொடுங்கள். பெர்க் ஆவி உடலுக்குக் கெடுதல். டிரை கிளீனிங்கில் அதைப் பத்தாண்டுகளில் படிப்படியாக நிறுத்த அமெரிக்கா 2024 டிசம்பரில் விதி வகுத்தது.